பித்தளைக் கோடுகள்

பத்து காஜா,
18.1.1981

தம்பி அர்ச்சுனனுக்கு அக்கா வீரம்மா எழுதிக்கொள்வது. என் முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி குறையில்லை. பாகான் டத்தோவின் உப்புக் காற்று உனக்கும் உன் பெண்சாதி பாப்பாவுக்கும் ஒத்துப்போகிறதா என்று எழுது.

பொங்கலுக்கு வருவேன் என்றாய், வரவில்லை. அது எனக்குப் புதிதல்ல. நான் எழுத வந்தது வேறு.

வேலை மாறிப் போகும்போது உன் பேஸ் கிட்டாரைச் சாக்கில் சுற்றி என் வீட்டு உத்தரத்தில் கட்டிவிட்டுப் போனாய் அல்லவா? கயிற்றை எலி கடித்துவிட்டது. உன் பாட்டுப் பெட்டி அரிசி மூட்டைமேல் விழுந்ததால் உடையவில்லை. உடைந்திருந்தால் நான் அழுதிருக்கமாட்டேன். அந்தப் பெட்டியை எனக்கு ஏன் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

சாக்கைப் பிரித்துப் பலகைச் சுவரில் சாய்த்து வைத்தேன். தூசி தட்டும்போது, இருப்பதிலேயே தடித்த கம்பியில் விரல் பட்டது. தம்பி, அது காதில் கேட்கவில்லை, முழங்காலில் கேட்டது. சுவர் முழுவதும் உள்ளுக்குள் முனகியது. மேசைமேல் இருந்த குவளையில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. செம்பனை நடுவதற்காக நம் ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது மண் குலுங்கியதைக் கேட்டிருக்கிறேன். ஈயம் தோண்டுகிற கப்பல் குட்டையில் இரைவதையும் கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் கூச்சல். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பயந்துபோய் மறுபடியும் சாக்கைப் போர்த்திவிட்டேன்.

ஆகஸ்டில் உன் மச்சானுடைய திவசம். அவர் போய் ஏழு வருஷம் ஆகப்போகிறது. ஒரு திவசத்துக்கும் நீ வந்து நின்றதில்லை. இந்த முறை வந்து கும்பிட்டுவிட்டு உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ.

பாப்பாவை வெயிலில் தேங்காய் பொறுக்கப் போகவேண்டாம் என்று சொல்.

உன் அக்கா,
வீரம்மா

*

பாகான் டத்தோ,
12.2.1981

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அர்ச்சுனன் வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். முழங்காலுக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கும்படி பாப்பா சொல்கிறாள். எண்ணெய் ஆலையில் ஆள் குறைவு என்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

கிட்டார் கீழே விழுந்தது என்று படித்ததும், உடையவில்லை என்ற வரியைத் தேடி இரண்டு தரம் படித்தேன். அது ஈப்போவில் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கியதுதான். நல்ல கம்பெனிக் கிட்டாரைப் பார்த்து எவனோ செய்த போலி. கழுத்து படகுத் துடுப்பு மாதிரி தடிமனாக இருக்கும். ஆனாலும் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கதிரவேலு மாஸ்டர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் பழைய இசைக்குழுவை மறுபடியும் சேர்க்கப் பார்க்கிறார். சொந்தமாகக் கருவி வைத்திருப்பவர்களை மட்டும் கூப்பிடுகிறாராம்.

அதனால் தயவு செய்து அதை ஈரம் படாமல் வையுங்கள். கம்பிகளைத் தொடவேண்டாம். கழுத்தின் குறுக்கே ஏணிப்படி மாதிரி பதித்திருக்கும் ஃபிரெட்டுகளில் துரு இருந்தால் இருக்கட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷமில்லை.

அன்புத் தம்பி,
அர்ச்சுனன்

*

பத்து காஜா,
1.3.1981

தம்பிக்கு, எண்ணெய் தேய்த்தேன். முழங்கால் எண்ணெயைக் குடித்துவிட்டு முன்போலவே இருக்கிறது. பாப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதே, அவளாவது பதில் சொல்கிறாள். திவசத்தைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

தொடவேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே தொட்டுவிட்டேன்.

கழுத்து தடிமன் என்று நீயே சொல்கிறாய். என் கை அதைச் சுற்றவில்லை. ரப்பர் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் மரத்துக்கு வலிக்காமல் பட்டையைச் சீவியவள் நான். உயிருள்ள மரத்தைக் காயப்படுத்தாதவள் செத்த மரத்தையா கெடுத்துவிடுவேன்? சுருள் சுருளாக வந்தது. இப்போது கழுத்து கைக்குள் அடங்குகிறது.

அந்தக் குறுக்குக் கம்பிகளை நீ ஃபிரெட் என்கிறாய், நான் பித்தளைக் கோடு என்பேன். அவை பச்சை பிடித்திருந்தன. பால் உறைய ஊற்றுகிற ஆசிட் பாட்டில் ஒன்று தோட்டத்து ஸ்டோரை மூடியபோது எடுத்து வைத்திருந்தேன். அதை நனைத்துத் துடைத்து, ஈரத் துணியைச் சுற்றி, விடியும்வரை விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் பித்தளை பொன்னாக மின்னுகிறது. ஆனால் மரம் ஊதி, கோடுகள் ஒவ்வொன்றாக மேலே கிளம்பிவிட்டன. பாதி நிற்கிறதும் பாதி கிளம்பியதுமாக ஒரு சாமானை வைத்திருக்கும் பழக்கம் எனக்கில்லை. குறடு கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

தப்பு செய்துவிட்டேன் என்று எழுதுவதாக நினைக்காதே. கோடுகள் இருந்தபோது விரல் படி ஏறுகிற மாதிரி தட்டித் தட்டித்தான் போனது. இப்போது விரலை அழுத்தி இழுத்தால் ஓசை வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. எங்கே இறங்குகிறது தெரியுமா? உன் மச்சான் தலைமாட்டில் உட்கார்ந்து நான் அழுது பாடினேனே, அந்தக் குரல் இறங்கிய இடத்துக்கு. அன்று எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அடி வரைக்கும் போக முடியவில்லை. இது போகிறது. தம்பி, எனக்கு மயிர் கூச்செறிந்தது. வாசல் கதவைச் சாத்திவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

பிடுங்கிய இடங்களில் வெடிப்பு இருக்கிறது. தென்னை ஈர்க்கு ஒரு கட்டு அனுப்பு. அடைக்கவேண்டும்.

வீரம்மா

*

பாகான் டத்தோ,
9.3.1981

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை. என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! ஃபிரெட்டே இல்லாமல் எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று எப்படித் தெரியும்? ஒரு நூல் தள்ளி விரலை வைத்தால் அபசுரம். உங்கள் கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா ரப்பர் மரம்னு நெனச்சு வெட்டிட்டாங்களா? பால் பிடிக்க ஒரு கோப்பையும் கட்டியிருக்கலாம் லா" என்று சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் தேதி வைத்துவிட்டார். ஈப்போ நகர மண்டபத்தில் ஆகஸ்டு எட்டாம் தேதி, சனிக்கிழமை. காலையிலிருந்து ஒத்திகை, மாலையில் மேடை. அதற்குள் கிட்டாரை ஈப்போவுக்குக் கொண்டுபோய் ஃபிரெட் போடவேண்டும். அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை உங்கள் காலில் விழுகிறேன், இனி கத்தியை எடுக்காதீர்கள்.

தேங்காய் லோரியில் பாப்பா ஈர்க்குக் கட்டு ஒன்று அனுப்பியிருக்கிறாள். நான் அனுப்பச் சொல்லவில்லை.

அர்ச்சுனன்

*

பத்து காஜா,
22.3.1981

தம்பிக்கு. பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம். ஈர்க்கு நல்ல முற்றல்.

ஆகஸ்டு எட்டு என்று எழுதியபோது உன் பேனா நிற்கவில்லையா? இந்த வருஷம் திவசம் ஆகஸ்டு எட்டு. நாள்காட்டி உன் வீட்டிலும் தொங்குகிறது.

எழுதக்கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தேன். இப்போது எழுதுகிறேன். அவர் கண்ணை மூடிய அன்று உனக்குத் தந்தி அடித்தோம். தெலுக் அன்சனில் மேடை ஏறுவதற்கு முன்பே அது உன் கைக்கு வந்துவிட்டது. நீ வந்தது மூன்றாம் நாள். தாலி இழக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஆள் கோடிச்சேலை கொண்டுவந்து தோளில் போடவேண்டும். அந்தச் சேலை விழுந்தால்தான் அவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இருந்தது நீ ஒருவன். உன்னை வளர்த்தவர் உள்ளே கிடக்கிறார். வாசலில் எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு ராக்காயி தன் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் போட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் கிடையாது.

ஏன் வரவில்லை? அன்று கேட்டேன், நீ தலையைக் குனிந்துகொண்டாய். இப்போதும் கேட்கிறேன்.

அடுத்த மாதம் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். திவசத்தன்று வந்து அவர் படத்துக்கு முன்னால் நில். அதன் பிறகு பெட்டியை எடுத்துக்கொள்.

வெடிப்புகளை அடைத்துவிட்டேன். புகை போட்ட ரப்பர் ஷீட் துண்டு ஒன்றைக் கம்பிகளுக்கு அடியில், அவை முடிகிற இடத்தில் செருகினேன். ரீங்காரம் போய், ஈர மண்ணில் கால் வைக்கிற மாதிரி ஆனது. பிறகு உன் மச்சானுடைய பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பாசார்க் கடைத்தெருவில் ரிப்பேர் செய்கிற சீனரிடம் போனேன். அதன் முதுகில் இசைத்தட்டுப் பெட்டிக்கென்று ஒரு துளை இருக்கிறது. அதில் கிட்டாரைச் சொருக ஒயர் கட்டித் தரச் சொன்னேன்.

"ஆச்சி, இது பாட்டுக் கேக்கிற பெட்டி லா. வெடிச்சா என்கிட்ட வராதே."

"வெடிச்சா நான் எங்க வர்றது? நீ கட்டு."

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு ஆறு மணிக்கு ஜெனரேட்டர் போட்டார்கள். சொருகி, ஒரே ஒரு தரம் இழுத்தேன். அடுப்படித் தட்டுகள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்லின. ராக்காயி ஓடிவந்தாள். "என்ன வீரம்மாக்கா, வீட்டுக்குள்ள லோரி நிக்குதா?" நான் மறுபடியும் இழுத்தேன். அவள் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீரம்மா

*

பாகான் டத்தோ,
14.6.1981

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். இடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்தேன். முடியவில்லை.

மாஸ்டர் வாரம் ஒருமுறை ஆலைக்குப் போன் போடுகிறார். இந்த மேடை போனால் எனக்கு வேறு மேடை கிடைக்காது. இங்கே எண்ணெய் ஆலையில் இயந்திரத்தோடு இயந்திரமாக நிற்கிறேன். விரல்கள் பாட்டில்லாமல் மரத்துப்போய்விட்டன.

ஒன்பதாம் தேதி காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். ஒரு நாள்தானே பிந்துகிறது? கிட்டாரை மட்டும் முன்பே கொடுத்தனுப்புங்கள். ஃபிரெட் போடவேண்டும்.

தம்பி,
அர்ச்சுனன்

*

பத்து காஜா,
28.6.1981

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? மிளகு ரசம் வைத்துக் கொடுக்கப் பாப்பாவிடம் சொல்.

ஒன்பதாம் தேதி வேண்டாம். அன்றைக்கும் நீ ஒரு நாள், இரண்டு நாள்தான் பிந்தினாய்.

ஆனால் நான் கேட்ட கேள்விக்கு நீ இனிமேல் பதில் எழுதவேண்டாம். காரணம் சொல்கிறேன். போன வாரம் விளக்கு வைத்த நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஓசை மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. நான் வாசிக்கிறேன் என்ற நினைப்பே போய்விட்டது. அது என்னைக் கையைப் பிடித்து எங்கோ கூட்டிக்கொண்டு போகிறது, அங்கே அவரும் இருப்பார், என் அம்மாவும் இருப்பாள் போல. சுவருக்கு அந்தப் பக்கம் ராக்காயி கஞ்சிப் பானையைக் காலில் கொட்டிக்கொண்டாள். "யக்கா, ஓடியா, ஓடியா" என்று கத்தினாள்.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. இறங்குகிற ஓசை போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரட்டும் என்று, அது சேர்ந்த பிறகுதான் எழுந்தேன்.

எனக்குக் கோடி போட்டவள் அவள். கால் வெந்து கிடக்கிறாள். நான் மருந்து போட்டுவிடும்போது, "கேக்கலயா அக்கா?" என்றாள். நான் உன்னைப் போலவே தலையைக் குனிந்துகொண்டேன்.

தம்பி, நான் அந்தப் பெட்டியைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். மனுஷனை இப்படிப் பிடித்து நிறுத்துகிற ஒன்று, ஒரு மலிவுப் பெட்டிக்குள், நான்கு கம்பிக்குள், சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தெலுக் அன்சனில் உன் கையில் இருந்தது இதுதான். ஏன் வரவில்லை என்பது இப்போது என் விரலுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் ஆறிவிட்டேன் என்று படிக்காதே. இரண்டும் வேறு. எட்டாம் தேதி வா. வராவிட்டால் இனி எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

வீரம்மா

*

பாகான் டத்தோ,
20.7.1981

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ராக்காயி அக்கா கால் ஆறிவிட்டதா?

எட்டாம் தேதி மேடைக்கு வரமுடியாது என்று நேற்று மாஸ்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு, "அர்ச்சுனன், இந்தமுறை நீ வராட்டி இனி உன்னைக் கூப்பிடமாட்டன். விளங்குதோ?" என்றார். "விளங்குது மாஸ்டர்" என்றேன். சித்தியவானிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொள்வாராம்.

ஏழாம் தேதி மாலை பஸ்ஸில் நானும் பாப்பாவும் வருகிறோம். மச்சானுக்குப் பிடித்த கருவாடு கொண்டுவருகிறோம். கையோடு ஒரு சேலையும் எடுத்திருக்கிறேன்.

அர்ச்சுனன்

*

பாகான் டத்தோ,
10.8.1981

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக்கொடுத்த இட்லியைப் பஸ்ஸிலேயே முடித்துவிட்டோம்.

சேலையை நீட்டியபோது, "கோடிக்கு ஒரு நாள்தான்டா. அது போயிருச்சு" என்று சொல்லி அதைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டீர்கள். பாப்பா அழுதாள். எனக்குக் கோபமில்லை. நீங்கள் வாங்கிக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

படையல் முடிந்து, கரண்ட் வந்ததும் கிட்டாரை என் மடியில் வைத்து "வாசி" என்றீர்கள். நான் பதினைந்து வருஷம் அதை வாசித்தவன். விரலை வைக்கிறேன், அபசுரம். தள்ளி வைக்கிறேன், மறுபடி அபசுரம். வெறும் மரத்தில் என் விரல் வழி தெரியாமல் நின்றது. நீங்கள் அதை வாங்கிக்கொண்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததால் எங்களைப் பார்த்திருக்கமாட்டீர்கள். முதல் இழுப்பிலேயே பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் லயத்து ஆட்களெல்லாம் வந்து நின்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அக்கா. எத்தனையோ மேடையில் நின்றிருக்கிறேன், பாட்டுக்கு அடியில் கிடந்து தாங்குகிற கருவி என்றுதான் அதை நினைத்திருந்தேன். அது தனியாக, யாரையும் தாங்காமல், ஒரு வீட்டில் நடந்த சாவை முழுவதும் சொல்லும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் வந்தவன் நான். அன்று நடந்ததை எனக்கு யாரும் சொன்னதில்லை. முந்தாநாள்தான் கேட்டேன்.

பஸ்ஸில் ஏறும்போது என் கையில் சாக்கு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்துவிட்டுப் போகவில்லை. உத்தரத்தில்தான் கட்டியிருக்கிறேன். பிரித்துப் பாருங்கள்.

உங்கள் தம்பி,
அர்ச்சுனன்

*

பத்து காஜா,
23.8.1981

தம்பி அர்ச்சுனனுக்கும் பாப்பாவுக்கும்,

முழங்கால் பரவாயில்லை. ராக்காயி நடக்கிறாள்.

நீ மறதிக்காரன், பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கடிதம் வந்த பிறகுதான் சாக்கை இறக்கினேன்.

நான் வேண்டாம் என்று சொன்ன சேலை. அதை முறுக்கி, கிட்டாரின் தலைப்பக்கம் ஒரு முடிச்சு, வால்பக்கம் ஒரு முடிச்சு, தோளில் மாட்டிக்கொள்ள வார் மாதிரி கட்டியிருக்கிறாய். பாப்பாவின் முடிச்சு என்று பார்த்தவுடன் தெரிந்தது. உனக்கு இவ்வளவு இறுக்கமாகக் கட்ட வராது. அவிழ்த்துவிடலாம் என்று நகத்தை வைத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

நான் இதுவரை உட்கார்ந்தே வாசித்தவள். மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். பாரம் தோளில் சரியாக உட்கார்ந்தது. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. உட்கார்ந்து வாசித்தபோது ஓசை முழங்காலோடு நின்றுவிடும். நின்றால் அது தரையிலிருந்து ஏறி, வயிற்றில் தங்கி, விலா எலும்பு ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு தோள் வரைக்கும் வருகிறது. ஐம்பத்தெட்டு வயதில் என் உடம்புக்குள் இத்தனை அறைகள் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது. சுவரில் உன் மச்சானுடைய படம் மெல்ல ஆடியது.

இனி இது என்னுடையது. கேட்டு வராதே. ஈப்போ பழைய சாமான் கடையில் உனக்கு இன்னொன்று பார்த்துக்கொள், பித்தளைக் கோடு உள்ளதாகவே வாங்கிக்கொள். மாஸ்டர் கூப்பிடமாட்டேன் என்று சொன்னால் நீயாகப் போய் அவர் வாசலில் நில். ஒரு தரம் துரத்துவார், இரண்டு தரம் துரத்துவார். வாசிக்காமல் இருந்துவிடாதே. அடுத்த திவசத்துக்கும் வரவேண்டும். ஒரு முறை வந்ததால் கணக்குத் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை.

நான் வாசித்து முடித்தபோது ராக்காயி வாசல்படியில் நின்றிருந்தாள். என் தோளையே பார்த்தாள். அந்தச் சேலையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி போட்டதாக்கா?" என்றாள்.

"ஆமா, தம்பி போட்டது" என்றேன்.

அக்கா,
வீரம்மா